எங்கேருந்து எடுத்தே?



மார்ச் மாதம் வந்துவிட்டால் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்குத் தீபாவளிதான். இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் மலைபோலக் குவியும். அட்டையில் தங்க எழுத்து, உள்ளே நன்றியுரை, அதன்பின் லிட்டரேச்சர் சர்வே என்று பத்துப் பக்கம். அந்தப் பத்துப் பக்கத்தை எழுதியது யார்? நாமா? நம் சீனியரா? சீனியருக்கும் சீனியரா? இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் நாம் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும், "இது எங்கிருந்து வந்தது?" என்றால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத எண் ரிப்போர்ட்டில் இருக்கக் கூடாது. வைவாவில் இதைக் கேட்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும்.

காப்பி அடிக்காதே என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு தகவலை நம்புவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி, அது நமக்கு ஏன் அவசியம் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

ஒரு எண்ணின் ஊர்வலம்

எங்கள் சிவில் வகுப்பில் ஒரு குழுவின் ரிப்போர்ட்டில், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்15 தரம் போதும் என்று ஒரு வரி இருந்தது. "எங்கேருந்து எடுத்தே?" என்று நண்பனைக் கேட்டேன். "சீனியர் ரிப்போர்ட்ல இருந்துச்சு மாப்ளே. சாரே கையெழுத்துப் போட்டிருக்காரே!" என்றான்.

இருவரும் துறை அலமாரியைத் திறந்து பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினோம். போன வருட ரிப்போர்ட்டில் அதே வரி. அதற்கு முந்தைய வருடத்திலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு! இப்படியே பின்னால் போய்ப் போய், கடைசியில் அட்டை கிழிந்த ஒரு கைடு புத்தகத்தில் வந்து நின்றோம். அந்தப் புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அது அச்சான காலத்தில் அதுதான் விதி. ஐ.எஸ். 456-ன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு எம்15-க்குக் கீழே போகாதே என்றது. 2000-ஆம் ஆண்டு அதே விதிநூல் திருத்தப்பட்டபோது எம்20-க்குக் கீழே போகாதே என்று ஆகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே மாறிய விதி, நம் ரிப்போர்ட்டில் மட்டும் இன்னும் உயிரோடு உலவுகிறது!

இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். கான்கிரீட் கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262, 1982-ல் வந்தது, 2009-ல் திருத்தப்பட்டது, 2019-ல் மறுபடியும் திருத்தப்பட்டது. நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893-ன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

சிவில்காரன் சிவில் கதையே சொல்கிறான் என்று மற்ற துறை நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் தோழர்களே, ஆர்டுயினோ ஊனோ போர்டு 5 வோல்ட்டில் பேசுகிறது. இ.எஸ்.பி.32-ன் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை. யாரோ எங்கோ போட்ட சர்க்யூட் படத்தைப் பார்த்து 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போர்டு போச்சு. நம் பாக்கெட் காசும் போச்சு. மெக்கானிக்கல் தோழர்களே, இ.என்.8 எஃகின் இழுவலிமை இவ்வளவு என்று ஒற்றை எண்ணை எழுதிவிடுகிறோம். எந்த வெப்பப் பதப்படுத்தலுக்குப் பிறகு? எவ்வளவு கனமான கம்பியில்? இதைச் சொல்லாத எண் பாதி எண்தான்.

பெரியவர்களும் தப்பவில்லை

டிப்ளமோ பசங்கதான் இப்படி என்று யாரும் சிரிக்க வேண்டாம். கீரைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டாராம். அதனால் பசலைக் கீரையில் இரும்புச் சத்து பத்து மடங்கு என்று உலகமே நம்பிவிட்டதாம். பாப்பாய் கார்ட்டூன் வந்ததும் அதனால்தானாம்!

இந்தக் கதையை 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டெரன்ஸ் ஹாம்ளின் என்ற மருத்துவர் எழுதினார். எங்கிருந்து கிடைத்தது என்று அதில் அவர் குறிப்பிடவில்லை. அதைப் பார்த்து எத்தனையோ பேர் எடுத்து எழுதினார்கள். 2010-ல் மைக் சட்டன் என்பவர் அடிவேர் வரை தோண்டிப் பார்த்தார். அப்படி ஒரு தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்கு ஆதாரமே அகப்படவில்லை! பிழையைப் பற்றி எச்சரிக்கச் சொன்ன கதையே ஆதாரமில்லாத கதை. நார்வே நாட்டு ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்தால் 2014-ல் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூலத்தைப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் வதந்திக்குக்கூட ஆராய்ச்சி அந்தஸ்து கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். நம் துறை அலமாரியில் நடப்பதும் அதேதானே?

நாலே நாலு கேள்வி

அப்படியானால் எதைத்தான் நம்புவது? நான் பின்பற்றுவது நாலு கேள்விகளை.

முதல் கேள்வி: யார் சொன்னது? ஒரு ஐ.சி.யின் வோல்ட்டேஜை அதைச் செய்த கம்பெனியின் டேட்டாஷீட் சொன்னால் அது மூலம். வீடியோவில் ஒருவர் சொன்னால் அது செவிவழிச் செய்தி. அதே கம்பெனி தன் விளம்பரத் தாளில் "எங்கள் சிமெண்டே சிறந்தது" என்று சொன்னால் அது வியாபாரம்!

இரண்டாவது: எப்போது சொன்னது? பதிப்பு ஆண்டைப் பாருங்கள். விதிநூல் என்றால் அதற்குப் பின் திருத்தம் வந்ததா என்றும் பாருங்கள். ஓம் விதிக்கு வயதாகாது, ஐ.எஸ். விதிக்கு வயதாகும்.

மூன்றாவது: எதை வைத்துச் சொன்னது? சோதனை செய்தாரா? எத்தனை மாதிரி? எத்தனை நாள்? 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த எண்ணும், 7-ஆம் நாள் உடைத்த எண்ணும் ஒன்றாகுமா?

நான்காவது: வேறு யாராவது சொல்கிறார்களா? இரண்டு பேர் சொன்னால் மட்டும் போதாது. இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்து எழுதியிருந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது, ஒரே சாட்சியின் ஜெராக்ஸ்!

யார் சொன்னாலும் சொன்னதின் மெய்யைத் தேடு என்பதுதான் 423-ஆம் குறளின் கருத்து. வள்ளுவர் அன்றே நமக்கு புராஜெக்ட் கைடாக இருந்திருக்கிறார்!

"இன்டர்நேஷனல் ஜர்னலில் வந்திருக்கிறது" என்று யாராவது சொன்னாலும் உடனே கும்பிடு போட்டுவிடாதீர்கள். 2013-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரிய ஓட்டைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 ஆய்வுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக்கொண்டன. காசு கட்டினால் எதையும் போடும் பத்திரிகைகளும் இருக்கின்றன என்பது சந்தி சிரித்தது.

இப்போது புதிதாக ஒரு சீனியர் வந்திருக்கிறார். சாட்ஜிபிடி! கேட்டதும் சொல்கிறார், அழகாகச் சொல்கிறார், கடைசியில் நூல் பட்டியலும் தருகிறார். அந்தப் பட்டியலில்தான் ஆபத்து. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படி வழக்குகளே நடக்கவில்லை. 5000 டாலர் அபராதம்! புரியாத பாடத்தைப் புரிய வைக்க அதைக் கேளுங்கள், தப்பில்லை. அது சொல்லும் புத்தகம் உண்மையில் இருக்கிறதா, அந்தப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். விக்கிப்பீடியாவுக்கும் இதே முறைதான். கட்டுரையைப் படித்துவிட்டு அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போங்கள்.

எங்கே தேடுவது?

காசில்லாமல் தேட வழி இல்லையே என்று சொல்ல முடியாது. ஐ.எஸ். விதிநூல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைத் தேடினால், அதை யார் யார் பிறகு மேற்கோள் காட்டினார்கள் என்றும் பார்க்கலாம். சென்னைப் பக்கத்து நண்பர்களுக்கு 1896-ல் திறந்த கன்னிமாராவும், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், நம் பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே இருக்கும் நூல் பட்டியல்தான் முதல் படிக்கட்டு.

இன்னொரு மூலத்தை நாம் மறந்தே போகிறோம். அது நம் சொந்த லேப். நாமே வார்த்து, நாமே உடைத்து, நாமே குறித்த அளவை யாரும் மறுக்க முடியாது. சைட்டில் முப்பது வருடம் வேலை பார்த்த மேஸ்திரி அண்ணன் சொல்வதும் எழுதத் தகுந்ததே. யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் சொன்னார் என்று சேர்த்து எழுதினால் போதும்.

"டைம் எங்கேடா இருக்கு?"

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் தப்பித்தவன் ஆவேன். நம்மில் பாதிப் பேர் கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். மாலையில் பகுதி நேர வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. விதிநூல் முழுக்க இங்கிலீஷ். ரெடிமேடு புராஜெக்ட் விற்கிற கடைகளோ கூப்பிடு தூரத்தில்! "வாங்கிப் போட்டுட்டுப் போயிடலாமே" என்று தோன்றுவது இயல்புதான். அப்படித் தோன்றுகிற நண்பனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் யோசியுங்கள். நமக்கு வேண்டியது முழு விதிநூலும் அல்ல, ஒரு அட்டவணை. சில சமயம் ஒரே ஒரு வரி. அட்டவணையில் இருப்பதெல்லாம் எண்கள்தான், அதைப் படிக்க கான்வென்ட் இங்கிலீஷ் தேவையில்லை. குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு நாலு எண்களைச் சரிபார்த்தால் இருபது எண்கள் முடிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை!

நம் பேரவை மூலம் கல்லூரி நிர்வாகத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். நடப்பில் உள்ள ஐ.எஸ். விதிநூல்களைத் துறை நூலகத்தில் நாம் கைவைத்துப் புரட்டும்படி வையுங்கள். பூட்டிய பீரோவுக்குள் வேண்டாம். முதலாண்டிலேயே, தேடுவது எப்படி என்று நூலகர் எங்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு எடுக்கட்டும். வைவாவில் ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தாலே பாதி ரிப்போர்ட்டுகள் திருந்திவிடும்.

தோழர்களே, நாளை நாம் சைட் சூப்பர்வைசராக நிற்போம். கம்பி வளைப்பவர் நம் முகத்தைப் பார்த்து, "சார், எத்தனை கம்பி போடட்டும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் சீனியர் ரிப்போர்ட் கைகொடுக்காது. நாம் சொல்லும் எண்ணை நம்பித்தான் அவர் கம்பி கட்டுவார். அந்தத் தளத்தின் கீழே ஒரு குடும்பம் தூங்கும். அவர்கள் நம்மிடம் எந்த ஆதாரமும் கேட்க மாட்டார்கள். அவர்களுக்காகவாவது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்!

- மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு