வேலைக்கு விலை வைக்கும் கன்சல்டன்சிகளும், பாவப்பட்ட எம்ப்ளாய்மென்ட் ஆபீசும்

ரெண்டு மாசமா ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. நேத்து சித்தப்பா பையன் போன் பண்ணான். இந்த வருஷம்தான் பி.ஈ. முடிச்சான். "அண்ணா, ஒரு கன்சல்டன்சில ஐயாயிரம் கட்டச் சொல்றாங்க, கட்டிடவா?"

கட்டாதடான்னேன். ஏன்னு கேட்டான். போன்ல பாதி சொன்னேன், மீதி இங்கே.

2019ல நானும் இப்படித்தான் கையில ஃபைலோட வடபழனியில நின்னேன். மாடிப்படி ஏறினா ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர், சிரிச்ச முகமா ஒரு மேடம். 'ரெஜிஸ்ட்ரேஷன்' 3,500 ரூபாய். ஒரு வாரத்துல "நாளைக்கு இன்டர்வியூ"ன்னு மெசேஜ். போய்ப் பார்த்தா ஐநூறு பேர் க்யூ. அது ஓப்பன் வாக்-இன்! கம்பெனியே நெட்ல ஊருக்கெல்லாம் இலவசமா சொன்ன தகவல். அதைத்தான் எனக்கு வித்திருக்காங்க. மறுபடி போன் பண்ணா ஸ்விட்ச்டு ஆஃப்.

நான் போனது 3,500. என் ரூம்மேட் போனது ஒன்றரை லட்சம். 'பேக்டோர்'னு சொல்லுவாங்களே, அது. ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியில இருந்து வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். ஜாயினிங் அன்னிக்கு புதுச் சட்டை போட்டுக்கிட்டு போனவனை கேட்டுலயே செக்யூரிட்டி திருப்பி அனுப்பிட்டார். அந்தப் பணம் அவங்க வீட்ல நிலத்தை அடமானம் வச்சு வாங்கினது. ஒரு மாசம் அவன் ஊருக்கே போகல.

"கன்சல்டன்சி நடத்துறவனும் பிழைக்கணும்ல, சும்மா யாரு வேலை வாங்கித் தருவா?" இந்தக் கேள்வியைப் பலபேர் கேக்கறாங்க. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா உண்மையா ஆள் பிடிச்சுத் தர்ற ஏஜென்சிக்கு கம்பெனியே பணம் தருது. வழக்கமா வருஷச் சம்பளத்துல 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம். சேர்ந்த ஆள் தொண்ணூறு நாளுக்குள்ள ஓடிட்டா வேற ஆள் தரணும்னு ஒப்பந்தமே போடுவாங்க. அப்போ உங்ககிட்ட காசு கேக்கறவனுக்கு கம்பெனி வாடிக்கையாளர் இல்லை. நீங்கதான் சரக்கு, நீங்கதான் வாடிக்கையாளர்.

இனி நாம எல்லாரும் கிண்டலடிக்கிற எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்கு வருவோம். அப்பா ஐ.டி.ஐ. முடிச்சு 1988ல பதிஞ்சார். மூணு வருஷத்துக்கு ஒருதடவை தவறாம புதுப்பிச்சார், பதிவு மூப்பு போயிடக் கூடாதுன்னு. முதல் இன்டர்வியூ கார்டு வந்தது 2004ல! அதுக்குள்ள சொந்தமா பட்டறை போட்டுட்டார். நான் சிரிச்சா அப்பா சொல்வார், "வேலை தரலடா, ஆனா ஒரு பைசா கேக்கல."

அந்த ஆபீஸ் பல்லில்லாம போனதுக்கு காரணம் உண்டு. 1959ல வந்த சட்டம், காலியிடம் இருந்தா தெரிவிக்கணும்னுதான் சொல்லிச்சு. அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும்னு சொல்லல. தெரிவிக்காட்டி முதல்தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஆபீஸ் லிஸ்ட் மட்டும் போதாது, பேப்பர்லயும் விளம்பரம் கொடுக்கணும்னு 1996ல உச்ச நீதிமன்றம் வேற சொல்லிடுச்சு. 2020ல வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதுக்கு 'கேரியர் சென்டர்'னு புதுப் பேர் வச்சிருக்கு. பல் மட்டும் வைக்கல.

தமிழ்நாடு அரசு உதவித்தொகை? சாதாரண டிகிரிக்கு மாசம் 600 ரூபாய், அதுவும் பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருந்தா. பொறியியல் மாதிரி தொழிற்படிப்பு படிச்சவனுக்கு அதுவும் கிடையாது. அந்த வெற்றிடத்துலதான் வடபழனி மாடிப்படிகள் முளைக்குது.

துபாய்க்கு ஆள் அனுப்பற ஏஜென்ட், 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பண்ணணும். கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்னு உச்சவரம்பு இருக்கு. ஏமாத்துறவன் அங்கயும் இருக்கான், ஆனா புகார் குடுக்க ஒரு சட்டம் இருக்கு. இங்கே சென்னையில வேலை வாங்கித் தர்றேன்னு சொல்றவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை தேடுறவன்கிட்ட கட்டணமே வாங்கக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997லயே 181ஆம் உடன்படிக்கை போட்டுச்சு. இந்தியா இன்னும் கையெழுத்து போடல.

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. வேலை தேடி வர்றவன்கிட்ட காசு வாங்கினா குற்றம்னு சட்டம் வரணும். ஒவ்வொரு ஏஜென்சியும் வாசல்ல பதிவு எண்ணை மாட்டணும். டீக்கடைக்கே லைசென்ஸ் கேக்கற ஊர்ல இது பெரிய விஷயமா?

அதுவரைக்கும் தம்பிகளா, காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. வேலைன்னா அவன்தான் நமக்கு சம்பளம் தரணும், நாம அவனுக்கு இல்லை.

டிஸ்கி: எல்லா கன்சல்டன்சியும் மோசம்னு சொல்லல. என் இப்போதைய வேலையே ஒரு கன்சல்டன்சி மூலமா கிடைச்சதுதான். அவங்க என்கிட்ட கேட்டது ரெஸ்யூமே மட்டும் :-)