கடையை அடைத்துவிட்டுக் கொச்சிக்குப் போய் வாருங்கள்



ஒரு நாள் கடையை அடைத்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும் என்று நம் கடைத்தெருவில் பரம்பரையாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. அதனால் பண்டிகைக்கு மறுநாள்கூட ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து வியாபாரம் பார்க்கிறோம். பொட்டலம் மடிக்கிற பையனுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலாளிக்கு ஓய்வு கொடு என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைக்கிறோம். அன்றைக்கும் மாநாட்டுப் பந்தலில்தான் இருக்கிறோம். மனைவி மக்களோடு சேர்ந்தாற்போல் நான்கு நாள் வெளியூர் போய் வந்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோவிலுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம் என்பீர்கள். ராத்திரி பஸ் ஏறி, முகூர்த்தம் பார்த்து, மத்தியானம் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிடுவது பயணம் ஆகாது. வருடத்தில் நான்கு நாள் கடையை முழுமையாக அடைத்து, குடும்பத்தோடு வெளியூர் போய் வர வேண்டும். முதல் பயணத்தைக் கொச்சிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வாரம் தவறினாலும் கடை அடைப்பது தவறாத ஒரு வணிகச் சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே வியாபாரம் செய்திருக்கிறது. அவர்கள்தான் கொச்சி யூதர்கள். அவர்கள் வாழ்ந்து விட்டுப் போன இடங்களைப் பார்ப்பது நம் போன்ற மளிகைக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல, பாடமும்கூட.

செப்பேட்டில் ஏறிய வியாபாரம்

கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் சாசனத்தில் உள்ள பல சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 72 உரிமைகள் அதில் கொடுக்கப்பட்டன. பல்லக்கு, குடை, பகல் விளக்கு போன்ற மரியாதைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். சரக்குக்கான சுங்கமும் துலாக்கூலியும் தள்ளுபடி செய்யப்பட்டதுதான் நம் கண்ணில் படவேண்டியது. துலாக்கூலி என்றால் தராசுக்குக் கொடுக்கும் எடைக்கூலி. சந்தைக் கட்டணத்துக்கும் எடைக்கூலிக்கும் இன்றும் மல்லுக்கட்டுகிற நமக்கு, ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு வணிகர் அந்தச் சலுகையைச் செம்பில் எழுதி வாங்கினார் என்பது சாதாரணச் செய்தியா?

ரப்பானுக்கு வழங்கப்பட்டது ‘அஞ்சுவண்ணம்’. மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் போல அதுவும் அந்தக் காலத்து வணிகக் குழு. இன்றைய மொழியில் சொன்னால் வியாபாரிகள் சங்கம். இந்தச் செப்பேட்டின் நகலைத்தான் 2017 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு நாட்டு உறவுக்குச் சாட்சியாக நின்றது ஒரு வணிகருக்குக் கொடுத்த சாசனம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

வெள்ளி மாலை அடைத்த கடை

மட்டாஞ்சேரியில் யூதத் தெருக் கோடியில் பரதேசி சினகாக் என்னும் யூதர் ஆலயம் இருக்கிறது. கட்டிய ஆண்டு 1568. பக்கத்திலேயே கொச்சி மன்னரின் அரண்மனை, அதன் வளாகத்தில் பகவதி கோவில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆலயத்துக்குள் போக வேண்டும். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்துப் பீங்கான் ஓடுகள். கையால் வரைந்தவை, ஒன்று போல் மற்றொன்று இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் தருவித்தவர் எசேக்கியேல் ரஹபி. 1771-ல் மறைந்த இவர், ஏறக்குறைய 50 வருடம் டச்சுக் கம்பெனிக்குத் தலைமை வணிகராக இருந்தவர். மிளகு வியாபாரத்தில் பெரிய கை. ஆலயத்தின் மணிக்கூண்டும் அவர் கட்டியதே. அதன் கடிகார முகங்களில் ஒன்றில் எபிரேய எண், ஒன்றில் ரோமன் எண், ஒன்றில் மலையாள எண். பார்க்கிறவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் மணி சொன்ன வியாபாரி அவர்.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். கொடுக்கல் வாங்கல் கிடையாது, கணக்கு எழுதுவது கிடையாது. கப்பல் வந்து நின்றாலும் அதுதான் விதி. வருடத்துக்கு 52 நாள் கடையை அடைத்தும் மிளகு வியாபாரம் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. வாரம் ஒரு நாள் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டதால் வாடிக்கை குறையவும் இல்லை.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். “அண்ணாச்சி, அவர்கள் எல்லோரும் சேர்ந்து அடைத்தார்கள். நான் மட்டும் அடைத்தால் எதிர்க்கடைக்காரர் திறந்து வைத்திருப்பார். போதாததற்கு சூப்பர் மார்க்கெட் வேறு, செல்போனில் பட்டனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சரக்கு வேறு.” நியாயமான பதில்தான். ஆனால் இது கடையை அடைக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. சேர்ந்து முடிவெடுப்பதற்கே காரணம் ஆகும். சங்கம் எதற்கு இருக்கிறது?

ஆள் இல்லாத தெரு

யூதர்களை இங்கிருந்து யாரும் விரட்டவில்லை. உலகில் பல நாடுகளில் அவர்கள் பட்ட துன்பத்தை நம் மண்ணில் படவில்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானது. 1950-களில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். மாளா ஊரில் இருந்தவர்கள் தங்கள் ஆலயத்தை 1955-ல் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போன இடத்தில், நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற ஊர்களில், விவசாயம் செய்து முன்னுக்கு வந்தார்கள். மட்டாஞ்சேரித் தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் மணத்த கிட்டங்கிகள் பலவற்றில் இன்று பழங்காலச் சாமான் கடைகளும் துணிக்கடைகளும் நடக்கின்றன.

அவர்களிடமும் குறை இருந்தது. ஒரே சமூகத்துக்குள் உயர்வு தாழ்வு பார்த்து, ஒரு பிரிவினரைப் பரதேசி ஆலயத்தில் சரிசமமாக உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம். ஒற்றுமை பேசுகிற எந்தச் சங்கமும் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடவும்பாகம் என்ற பெயரில் இரண்டு ஆலயங்கள் உண்டு. மட்டாஞ்சேரியில் இருந்தது கிட்டங்கியாக மாறி, கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 2019 மழையில் சுவர் இடிந்து விழுந்தது. எர்ணாகுளம் மார்க்கெட்டில் இருப்பதை, முன்பகுதியில் வண்ண மீனும் பூச்செடியும் விற்கும் கடை நடத்திக்கொண்டே ஒரு வியாபாரி பல வருடம் காப்பாற்றி வந்தார். அது இன்றும் நிற்கிறது. நம் முன்னோர் மகமை எடுத்துக் கட்டிய சத்திரமும் பள்ளிக்கூடமும் எந்தக் கடவும்பாகமாக ஆகப்போகின்றன என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த தலைமுறை தொழிலை விட்டுப் போனால் தெரு நிற்கும், தெருவின் பெயரும் நிற்கும், வியாபாரம் நிற்காது. நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் பாக்கிச் சண்டையையும், ராத்திரி பத்து மணிக்கு வீடு வரும் அப்பாவின் சலித்த முகத்தையும் தவிர, வியாபாரத்தில் நாம் அவர்களுக்கு எதைக் காட்டியிருக்கிறோம்? மிளகுக்காக உலகமே தேடி வந்த துறைமுகத்தைக் காட்டினால், அப்பா கல்லாவில் விற்பது என்ன சரக்கு என்பது ஒரு பையனுக்கு விளங்கும்.

போகிற வழியும் வருகிற வழியும்

மதுரைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தேனி, போடி வழியாக மலை ஏறி மூணாறு போகலாம். ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம் பார்த்து, இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைப் பார்க்கலாம். வரையாடு குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துப் போகவும். இறங்குகிற வழியில் சீயப்பாறை அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. பறவை பார்க்க ஆசையுள்ள பிள்ளைகள் இருந்தால் தட்டேக்காடு சரணாலயத்தில் அரை நாள் தங்கலாம்.

கொச்சியில் இரண்டு நாள் வேண்டும். படகுப் பயணம், கோட்டைக் கொச்சியின் சீன வலைகள், மட்டாஞ்சேரி ஆகியவற்றுக்கு ஒரு நாள். பறவூர், சேந்தமங்கலம் ஆலயங்களுக்கு ஒரு நாள். இவ்விரண்டையும் செப்பனிட்டு அருங்காட்சியகங்களாக வைத்திருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று உண்டு; சாரா என்ற பெண்மணியுடையது. கோவில், தேவாலயம், பள்ளிவாசல், யூதர் ஆலயம் நான்கும் பக்கம் பக்கமாக இருந்த ஊர் அது. அந்தப் பக்கத்தில்தான் பழைய முசிறித் துறைமுகம் இருந்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்து, கொச்சியில் புதுத் துறைமுகத்துக்கு வழி திறந்தது என்பார்கள். சந்தை இடம் மாறினால் வியாபாரியும் மாற வேண்டும் என்று ஆறே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

திரும்பும்போது சாலக்குடி வழியாக அதிரப்பள்ளி அருவி, வாழச்சால் பார்த்து, மலக்கப்பாறை, வால்பாறை, பொள்ளாச்சி வழியில் வரலாம். அடர்ந்த காட்டுப்பாதை, யானை நடமாட்டம் உண்டு. மாலைக்கு மேல் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். காலையிலேயே கிளம்ப வேண்டும். பரதேசி ஆலயம் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் அடைப்பு. அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்களன்று விடுமுறை. அதனால் கொச்சி நாட்களைச் செவ்வாய் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: மாதத்தின் முதல் பத்து நாள் மளிகைக்காரருக்குப் பொன்னான நாள்; அதில் கை வைக்க வேண்டாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கு முடிந்த பின், 21 முதல் 26 வரை வியாபாரம் மந்தம். விடுமுறையை அந்த நாட்களில் வைக்கலாம்.

இரண்டு: தெருவில் உள்ள கடைகளைப் பிரித்து முறை வைத்து அடைக்கலாம். அடைக்கும் கடையின் பற்று வரவு வாடிக்கையாளருக்கு அடுத்த கடைக்காரர் சரக்குக் கொடுப்பது, கணக்கைத் திரும்பி வந்தவரிடம் ஒப்படைப்பது, வாடிக்கையை இழுப்பதில்லை என்று சங்கத்தில் கையெழுத்துப் போடுவது. ஒரு வாரம் முன்பே கடையில் போர்டு எழுதி வைத்தால், வேண்டியதை ஜனங்கள் முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள்.

மூன்று: மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் அந்த நான்கு நாள் பாக்கி கேட்டு ஆள் அனுப்பக் கூடாது. விடுமுறைக்குப் போகிறவரிடம் பணம் புரள்கிறது என்று நினைத்துத் தவணையைக் குறைக்கவும் கூடாது. இதை எங்கள் தரப்பில் தீர்மானமாகவே போடலாம் என்பது என் எண்ணம்.

இதில் கஷ்டமானது இரண்டாவது யோசனைதான். அடுத்த கடைக்காரரை நம்ப வேண்டும். அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் கடல் தாண்டி இருந்த கூட்டாளியை நம்பித்தான் சரக்கு ஏற்றினார்கள். நாம் சுவர் தாண்டி இருக்கிறவரை நான்கு நாள் நம்பினால் போதும்.

வருகிற பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். முதல் முறையில் எந்தத் தெரு அடைப்பது என்று அங்கேயே சீட்டுப் போட்டு முடிவு செய்வோம்.