அந்த டாக்டரை ஞாபகம் இருக்கா?

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் கன்னடம் பேசும் தாத்தா யாரிடமாவது கல்யாண்குமார் பற்றிக் கேளுங்கள். ராஜ்குமார், உதயகுமார், கல்யாண்குமார் என மூன்று குமார்களையும் ஒரே மூச்சில் சொல்வார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பாட்டியோ கொஞ்சம் யோசித்து, “நெஞ்சில் ஓர் ஆலயம் டாக்டரா?” என்பார். இரண்டு பேரும் சொல்வது ஒருவரைத்தான்.

பெங்களூருக்காரர். 1954-ல் ‘நடசேகரா’ படத்தில் அறிமுகமாகி, கன்னடத்தில் ஹீரோவாகவே நிலைத்தவர். 1962-ல் ஸ்ரீதர் அவரை டாக்டர் முரளியாக்கினார். முன்னாள் காதலி தேவிகா, நோயாளிக் கணவர் முத்துராமனை அழைத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்கு வருகிறார். கணவரைக் காப்பாற்றிய டாக்டர் கடைசியில் இறந்துவிடுகிறார் (அறுபது வருடம் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னால் தப்பில்லை!). காதலியை வாழ்த்தி அவர் பாடும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஏ.எல்.ராகவன். டி.வி.யில் அந்தப் பாட்டு வந்தால் இன்றும் சேனல் மாற்ற மனசு வராது. ஆனால், திரையில் பாடுபவர் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

அடுத்த வருடமே ‘மணி ஓசை’யில் கூனன் வேடம். அழகான ஹீரோ துணிந்து எடுத்த முடிவு அது. ஆனாலும், தமிழில் முரளியைத் தாண்டி அவர் பேசப்படவில்லை.

கன்னடத்தில் கதையே வேறு. முழுக்க கலரில் வந்த முதல் கன்னடப் படம் ‘அமரசில்பி ஜகணாச்சாரி’ (1964). அதில் சிற்பியாக நடித்தவர் கல்யாண்குமார். ஜோடி, நம் சரோஜாதேவி!