நொண்டுகிற மாட்டை ஏரில் பூட்டுவோமா?

எங்கள் ஊர்ப் பக்கம் டென்னிஸ் என்றால் அது ஒரு பந்தின் பெயர். 'டென்னிஸ் பால் மேட்ச்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அது கிரிக்கெட் என்று அர்த்தம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை, வறண்ட கண்மாய்க்குள்ளும் கருவேலம் வெட்டிய பொட்டலிலும் பிள்ளைகள் அந்தப் பந்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வலை கட்டி ஆடுகிற டென்னிசை நாம் டிவியில் பார்த்ததோடு சரி.

அதனால் 2024 நவம்பரில் சென்னைக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தபோது இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. டீக்கடையில் நான்தான் பேச்சை எடுத்தேன். பக்கத்தில் இருந்த நண்பர், என்னைப் போலவே ஓய்வு பெற்றவர், சொன்னார்: "அடிக்கடி காயம்னு உட்கார்ந்திருவாரே, அவருதானே? உடம்புல தெம்பு இல்லாட்டி எதுக்கு சார் இந்த வெளையாட்டெல்லாம்?"

அன்றைக்குப் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தெம்பு இல்லாதவர் செய்ததைப் பார்ப்போம். 1989-இல் பிறந்தவர், இடது கை ஆட்டக்காரர். இருபது வயதைத் தாண்டித் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த சில வருடங்களிலேயே முழங்கால் எலும்பில் அழுத்த முறிவு. ஒரு விளையாட்டுக்காரனுக்கு எது பொன்னான காலமோ அதில் பெரும்பகுதி ஓய்விலும் சிகிச்சையிலும் போனது. திரும்பி வந்து அடிமட்டத்திலிருந்து ஏறினார். 2018 ஏப்ரலில் டேவிஸ் கோப்பையில் சீனாவிடம் இந்தியா 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. அதை 2-2 ஆக்கிய பிறகு, முடிவு செய்யும் ஐந்தாவது ஆட்டத்தில் வூ யிபிங்கைத் தோற்கடித்தவர் இவர்தான். அதே வருடம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கனடாவின் ஷபோவலோவை வென்றார். ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். 2019-இல் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடம். அந்த ஒரே வருடத்தில் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்று நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 29. இருபத்துமூன்று, இருபத்துநான்கில் கிடைத்திருக்க வேண்டியது, எலும்பு கெடுத்ததால் அத்தனை வருடம் தள்ளிக் கிடைத்தது. இதைத் தெம்பில்லை என்றால் தெம்பு என்று வேறு எதைச் சொல்வது?

அழுத்த முறிவு என்பது விழுந்து கையை ஒடித்துக்கொள்வது போல அல்ல. கெட்டியான தரையில் திரும்பத் திரும்ப ஓடி, நின்று, திரும்பும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஓய்வு கொடுத்தால் உடம்பே அதை அடைத்துவிடும். ஓய்வு கொடுக்காமல் மேலே மேலே பாரம் ஏற்றினால் கீறல் பிளவாகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடப் பிடிபடாமல் போகும். அதனால்தான் 'ஒண்ணுமில்லப்பா, ஓடு' என்று சொல்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

ஓய்வு எடுத்தால் என்ன என்று கேட்கலாம். டென்னிஸ் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆடினால் பரிசுப் பணம். விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் அவன் கைக்காசு. இந்த வாரம் எடுத்த புள்ளி 52 வாரம் கழித்துக் கழிந்துவிடும். படுத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் தரவரிசை சரியும். ஆறு மாதத்துக்கு மேல் காயத்தில் கிடந்தால் பழைய தரவரிசையை வைத்துச் சில போட்டிகளில் நுழைய விதி உண்டு. ஆனால் அது ஏற்கெனவே மேலே ஏறியவனுக்குத்தான் உதவும். ஏணியின் இரண்டாம் படியிலேயே கால் ஒடிந்தவனுக்குப் பழைய தரவரிசை ஏது?

டெல்லிக்காரர் யூகி பாம்ப்ரியையும் நினைத்துப் பாருங்கள். 2009-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் சாம்பியன், ஜூனியரில் உலகின் முதலிடம். 2018-இல் 83-ஆம் இடத்துக்கு வந்தார். அதே வருடக் கடைசியில் முழங்கால் காயம், இரண்டு வருடத்துக்கு மேல் ஆட்டமே இல்லை. பிறகு இரட்டையர் ஆட்டத்துக்கு மாறித்தான் பிழைத்தார். இருவருமே தெம்பில்லாதவர்களா?

"நடால் மட்டும் வலியோடு ஆடலையா?" என்று கேட்பார்கள். ஆடினார். 2022-இல் பாதத்தை மரக்க வைக்கும் ஊசி போட்டுக்கொண்டு பிரெஞ்சு ஓப்பனைப் பதினான்காவது தடவையாக வென்றார். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அடுத்த மாதமே விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்துவிட்டு, வயிற்றுத் தசை கிழிந்ததால் ஆடாமலே விலகினாரே, அதை எத்தனை பேர் சொல்கிறோம்? ஊசியைப் போட்டவர் மருத்துவர். ஆட வேண்டாம் என்று முடிவெடுக்கவும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பிரஜ்னேஷ் விடைபெற்ற அதே 2024 நவம்பரில்தான் நடாலும் விடைபெற்றார். இருவரும் இடது கைக்காரர்கள், இருவரையும் காயம் கடைசிவரை துரத்தியது. ஒருவருக்கு உலகமே எழுந்து நின்று கை தட்டியது. இன்னொருவருக்கு நம் டீக்கடையில் கிடைத்தது, 'தெம்பில்லை' என்ற பட்டம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். நண்பர் மேல் பாதிக் கோபம்தான். மீதி என் மேல்.

முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பரளச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், 1500 மீட்டர் ஓட்டக்காரன். வெறுங்காலோடு சரளைத் தரையில் ஓடுவான். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து நின்றான். "சார், முன்னெலும்பு வலிக்குது சார். ராத்திரி தூங்க முடியல." காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நான் சொன்னது: "எண்ணெயத் தேச்சிட்டு ஓடுடா. வலியத் தாங்குறவன்தான்டா வீரன்." சான்றிதழ் கிடைத்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிடலாம் என்பது அவன் வீட்டுக் கணக்கு. கேடயம் வந்தால் பள்ளியில் எனக்குப் பெயர் என்பது என் கணக்கு. ஓடினான். மூன்றாவதாக வந்தான். பந்தயக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மதுரையில் படம் எடுத்தபோது எலும்பு நன்றாகவே விட்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை.

போன வருடம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். தன் மகளிடம், "இவருதாம்மா எங்க பி.டி. சார்" என்று பெருமையாகச் சொன்னான். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நம்முடையது கரிசல் காடு. கால் நொண்டுகிற மாட்டை எந்தச் சம்சாரியாவது ஏரில் பூட்டுவானா? அவிழ்த்துக் கட்டி, வைக்கோல் போட்டு, குளம்பைப் பார்ப்பான். மழை தவறிய வருடம் நிலத்தைத் தரிசாகப் போடுவான். அந்த நிலத்தைச் சோம்பேறி என்று யாரும் சொன்னதில்லை. மாட்டுக்கும் மண்ணுக்கும் கொடுக்கிற ஓய்வை நாம் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

"அவருக்கு ஜெர்மனி வரை போய்ப் பயிற்சி எடுக்க வசதி இருந்தது, நம்ம பிள்ளைகளுக்கு என்ன இருக்கு, அதனால தாங்கித்தான் ஆகணும்" என்பது இன்னொரு வாதம். அதையே நான் திருப்பிக் கேட்கிறேன். அவ்வளவு வசதி இருந்தவருக்கே எலும்பு இத்தனை வருடத்தைத் தின்றுவிட்டது என்றால், பரளச்சிப் பையனிடம் நாம் எத்தனை மடங்கு கவனமாக இருந்திருக்க வேண்டும்?

உலக டென்னிஸ் ஆட்டக்காரர் சங்கமான ஏ.டி.பி.க்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. 2024 முதல், காயத்தால் வருடத்தில் 9 போட்டிகளுக்கும் குறைவாக ஆடினாலும் குறைந்தபட்ச வருமானம் உண்டு என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் 100 பேருக்கு 2 லட்சம் டாலர், 176 முதல் 250 வரை இருப்பவர்களுக்கு 50 ஆயிரம் டாலர். பிரஜ்னேஷ் எலும்பு ஆறக் காத்துக் கிடந்த வருடங்களில் இந்த ஏற்பாடு இல்லை.

நம்மிடம் டாலர் இல்லை. பதக்கத்துக்கு ஊக்கத்தொகை கொடுக்கிற அரசு, காயத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எதுவானாலும் மைதானத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை உட்கார வைக்கலாம். காயத்தில் விலகிய பிள்ளைக்கு அடுத்த வருடம் தேர்வில் முன்னுரிமை கொடுக்கலாம். பணமே செலவில்லாத ஒன்றும் உண்டு. பேரனோ பேத்தியோ 'தாத்தா, கால் வலிக்குது' என்று வந்தால் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். ஓய்விலும் வலி இருந்தால், ராத்திரியில் வலித்தால், ஓட விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நான் அன்றைக்கு அந்த இரண்டு கேள்வியையும் கேட்கவில்லை.