மந்தம் வந்தால் கூலியில் கைவைப்பதா?

"வியாபாரம் மந்தம், தோழர். நான் என்ன செய்யட்டும்?"

2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ்மில் வாசலில் இந்த வார்த்தையைக் கேட்டேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. பொன்னி அரிசி மூட்டைகள் குடோனில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. களத்திலும், பாய்லரிலும், மூட்டை தூக்குவதிலுமாக அங்கே 22 பேர் வேலை செய்தார்கள். நாள் கூலி 500 ரூபாய். "இப்போதைக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் நிமிர்ந்ததும் பழையபடி தருகிறேன்" என்றார் முதலாளி.

நான் என்ன செய்தேன்? தொழிலாளிகளிடம் போய், "கஷ்ட காலம், மில் மூடாமல் இருந்தால் போதும், ஒப்புக்கொள்ளுங்கள்" என்று நானே சொன்னேன். நெல் அவிக்கும் வயதான அம்மா ஒருவர் மட்டும் கேட்டார்: "ஏந்தம்பி, எப்ப நிமிரும்னு தேதி கேட்டியா?"

நான் தேதி கேட்கவில்லை. எழுதியும் வாங்கவில்லை.

அடுத்த வருஷமே ஓட்டல்கள் திறந்தன. மூட்டைகள் நகர்ந்தன. மில்லுக்குப் புதிதாக ஒரு சார்டெக்ஸ் மெஷின் வந்து இறங்கியது. கூலி மட்டும் 400லேயே நின்றது. நடையாய் நடந்து, கடைசியில் இரண்டு நாள் வேலையை நிறுத்தி, 2022ல்தான் பழைய 500ஐ மீட்டோம். கணக்குப் பாருங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் ஒருவருக்கு மாதம் 2,500 ரூபாய் நஷ்டம். இரண்டு வருஷத்தில் 60,000 ரூபாய். 22 பேருக்கும் சேர்த்து 13 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பாங்கியில் இந்தத் தொகையைக் கடனாக வாங்கியிருந்தால் ஜாமீன் கேட்பான், வட்டி கேட்பான். தொழிலாளி கொடுத்த கடனுக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பவில்லை. அந்தக் கடனை வாங்கிக் கொடுத்தவன் நான்.

இதைச் சுயவிமர்சனமாகவே எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பொருளாதாரப் பட்டம் பெற்றவனல்ல. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்குள் எந்தப் பட்டதாரியும் தட்டிக்கழிக்க முடியாத பொருளாதாரம் இருக்கிறது.

மந்தம் என்றால் என்ன?

மழை பொய்ப்பதைப் போல, புயல் அடிப்பதைப் போல மந்தமும் தானாக வருகிறது என்று முதலாளிகளும் அவர்களுடைய பத்திரிகைகளும் எழுதுகின்றன. மழை பொய்த்தால் நெல் விளையாது. ஆனால் மந்தத்தில் நெல் விளைந்திருக்கிறது. துணி நெய்து அடுக்கியிருக்கிறது. மெஷின் ஓடத் தயாராக நிற்கிறது. வேலை செய்யக் கைகள் இருக்கின்றன. பின் எது இல்லை? வாங்குகிறவன் கையில் காசு இல்லை. அவ்வளவுதான்.

வாங்குகிறவன் யார்? கள்ளக்குறிச்சி சந்தைக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். துவரம்பருப்பு, கருவாடு, கைலி, ரவிக்கைத் துணி, பிள்ளைக்குச் செருப்பு இவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். கூலி குறைந்தால் முதலில் நிற்பது துணி. பிறகு செருப்பு. பிறகு பருப்பு. துணிக்கடைக்காரர் ஈரோட்டுக்குச் சொல்லும் ஆர்டரைக் குறைக்கிறார். ஈரோட்டு வியாபாரி தறிக்காரரிடம் குறைக்கிறார். தறி நின்றால் நூல் தேங்குகிறது. நூல் தேங்கினால் கோயம்புத்தூர் மில்லில் ஒரு ஷிப்ட் நிற்கிறது. அந்த மில் தொழிலாளி வீட்டில் நல்ல அரிசிக்குப் பதில் ரேஷன் அரிசியே போதும் என்றாகிறது. அப்போது நம் ரைஸ்மில்லில் பொன்னி மூட்டை நகராமல் நிற்கிறது.

ஒவ்வொரு முதலாளியும் தன் ஆலையில் மட்டும் கூலியைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார். எல்லாரும் குறைத்தால் எல்லாருடைய சரக்கும் தேங்குகிறது. தன் தொழிலாளியின் கூலி தனக்குச் செலவு என்பது அவருக்குத் தெரிகிறது. அடுத்த ஆலைத் தொழிலாளியின் கூலிதான் தன் வியாபாரம் என்பது தெரிவதில்லை.

முதலாளிகளிலும் வித்தியாசம் உண்டு. பாங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு, பெரிய மொத்த வியாபாரியிடம் பணம் வராமல் விழிக்கிற சிறு மில்காரரின் கஷ்டம் நிஜமானது. ஆனால் அவர் பாங்கியிடம் பேச முடியவில்லை, மொத்த வியாபாரியிடம் பேச முடியவில்லை என்பதற்காக, பேசத் தெரியாதவன் என்று நினைத்துத் தொழிலாளியிடம் வருகிறார். மேலிருந்து உருட்டிவிட்ட கல் கடைசியில் அடிவாரத்தில்தான் வந்து விழுகிறது.

கரும்பில் நடப்பதும் இதுவே

நம் ஜில்லாவில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கரும்பு நமக்குப் புதிதல்ல. 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு என்ன சொல்கிறது? கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் 15 சதவீதம் வட்டி தர வேண்டும். சர்க்கரை விலை இறங்கிய வருஷங்களில் தமிழ்நாட்டில் பல ஆலைகள் இந்த 14 நாளை மாதங்களாக, வருஷங்களாக இழுத்தடித்தன. விவசாயிகள் பாக்கிக்காக மறியல் செய்தார்கள்.

பாக்கி வராத விவசாயி என்ன செய்கிறார்? கரும்பு வெட்டிய கூட்டத்துக்கு, "ஆலைப் பணம் வரட்டும்" என்கிறார். விவசாயிக்காவது 14 நாள் என்று ஒரு சட்டம் இருக்கிறது, காட்டிக் கேட்க முடிகிறது. வெட்டியவனுக்கு அந்த உத்தரவில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது? கூலிக்காரன் ஆலைக்குக் கடன் கொடுத்தவன் ஆகிறான். ஆனால் கடன்காரர் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

பழைய கதைகள்

1930ஐ ஒட்டி உலகம் முழுவதும் பெருமந்தம் வந்தபோது சென்னை ராஜதானியில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. வெள்ளைக்கார சர்க்கார் நிலவரியைப் பாதியாக்கியதா? இல்லை. வரிக்கும் வட்டிக்குமாக வீட்டுத் தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போயின. 1931க்குப் பிறகு நம் நாட்டுத் தங்கம் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று.

அதே மந்தத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கம் கட்டினார்கள். மந்தம் முழுதாகத் தீராத 1938லேயே, மணிக்கு 25 சென்டுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதாவது முதலாளித்துவ நாடான அமெரிக்காகூட, மந்தத்தின் நடுவில் கூலிக்குத் தரை கட்டியது. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளியைச் சேர்க்கவில்லை. வயலில் நிற்பவன் அங்கேயும் கணக்கில் வரவில்லை.

நம் நாட்டில் 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்றிருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. நசிந்த பஞ்சாலைகளை எடுத்து நடத்த 1968ல் தேசியப் பஞ்சாலைக் கழகம் ஏற்பட்டது. நல்ல காலத்தில் லாபத்தை முதலாளிகள் எடுத்தார்கள். கெட்ட காலத்தில் நஷ்டத்தை சர்க்கார் தலையில் வைத்தார்கள். சர்க்காராவது காப்பாற்றியதா? 2020 மார்ச்சில் ஊரடங்கோடு அந்தக் கழகத்தின் 23 ஆலைகளும் நின்றன. அவற்றில் 7 தமிழ்நாட்டில் உள்ளவை. இடையில் சில ஆலைகளைக் கொஞ்ச காலம் ஓட்டியதோடு சரி. தொழிலாளிகள் வருஷக்கணக்கில் பாதிச் சம்பளத்தோடு கேட்டில் நின்றார்கள்.

யாருக்கு எவ்வளவு?

ஊரடங்குக்கு முன்பே மந்தம் தொடங்கிவிட்டது. அதற்கு மருந்து என்று 2019 செப்டம்பர் 20ஆம் தேதி மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. வாங்க ஆளில்லாமல் சரக்கு தேங்கியபோது, விற்பவனுக்கு வரிச் சலுகை! பசித்தவன் வாசலில் நிற்க, பந்தி முடித்து எழுந்தவனுக்கே மறுபடி இலை போட்ட கதை இது.

2020-21ல், பட்டணங்களிலிருந்து ஜனங்கள் கால்நடையாக ஊர் திரும்பியபோது, நூறு நாள் வேலைக்கு சர்க்கார் ஒதுக்கிய மொத்தத் தொகை 1,11,500 கோடி. கம்பெனிகளுக்கு ஒரே வருஷத்தில் விட்டுக்கொடுத்த வரியைவிட இது குறைவு. அதிலும் ஏழரைக் கோடி குடும்பங்கள் உயிர் பிழைத்தன.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 256 ரூபாய். ஒரு பஞ்சாயத்தில் 300 பேர் பத்து நாள் வேலை செய்து முழுக் கூலி வாங்கினால் 7 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய். இந்தப் பணத்தை அவர்கள் பம்பாய்ப் பங்குச் சந்தையில் போடவில்லை. அந்த வாரச் சந்தையிலேயே செலவழித்தார்கள். மளிகைக்காரர் பிழைத்தார், துணிக்காரர் பிழைத்தார். நம் ரைஸ்மில்லின் மூட்டை நகர்ந்ததிலும் அந்தக் காசு உண்டு.

அந்தச் சட்டத்தைத்தான் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நாள் 125 என்று உயர்த்திச் சொல்லிவிட்டு, செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். மந்தம் வந்தால் மாநிலத்தின் வரி வருமானமும் படுக்கும். எந்த வருஷம் வேலை அதிகம் தேவையோ, அந்த வருஷம்தான் மாநிலத்தின் பெட்டி காலியாக இருக்கும். விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நடவும் அறுப்பும் நடக்கிற போதுதான் கூலிக்காரன் நிமிர்ந்து கூலி பேச முடியும். அந்த நேரம் பார்த்து அவனுடைய இன்னொரு வழியை அடைப்பது யாருக்கு உதவி?

மலைக்கு மேலே

கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் பிடி 1976ல்தான் விட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் ஒரு குடும்பத்தை வருஷம் முழுவதும் காப்பாற்றாது. அதனால் மலையாளி மக்கள் மலையிறங்கி, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிறார்கள். மேலே ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் அவர்களைத்தான் முதலில் உதறுகிறது. 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்ததை நான் பார்த்தேன். வரி ஏறும், இறங்கும். போன மாதக் கூலி திரும்பாது.

ஊர் திரும்பியவனிடம்தான் மேஸ்திரி முன்பணத்தோடு வருகிறான். மந்தத்தில் கூலி குறைகிறது, முன்பணம் பெருகுகிறது. முன்பணத்துக்காக ஒருவனை வேலையில் கட்டிப்போடுவது 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அப்படிக் கட்டிப்போட்ட கடன் செல்லாது. இதை ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது என்ன?

மந்தம் என்று முதலாளி சொன்னால், "பொய்" என்று கத்துவது போதாது. "சரி" என்று தலையாட்டுவது அதைவிட ஆபத்து. நான் பட்டது போதும். இனி இப்படிக் கேட்போம்.

முதலில், கணக்குப் புஸ்தகத்தைக் காட்டுங்கள். லாபம் வந்த வருஷத்துக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, குறைப்பதானால் மேலிருந்து குறையுங்கள். முதலாளி வீட்டுச் செலவும் மானேஜர் சம்பளமும் தொடாமல் களத்துக் கூலியைத் தொடக் கூடாது.

மூன்றாவது, வேலை குறைந்தால் ஆளைக் குறைக்காமல் இருக்கிற வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். நாள் கூலி விகிதத்தில் கைவைக்காதீர்கள்.

நான்காவது, எதைத் தள்ளி வைத்தாலும் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் பாக்கியோடு திருப்பிக் கொடுங்கள்.

சர்க்காரிடம் கேட்பதும் உண்டு. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 300 பேருக்குக் குறைவான ஆலைகளில் அனுமதி கேட்காமலே ஆட்குறைப்பும் ஆலை மூடலும் செய்ய வழி விட்டிருக்கிறது. முன்பு இந்த எல்லை 100 பேர். 50 பேருக்குக் குறைவான ஆலையில் லே-ஆப் நஷ்டஈடாகப் பாதிக் கூலிகூடக் கிடையாது. நம் ஜில்லாவின் ரைஸ்மில்களில் எத்தனையில் 50 பேர் இருக்கிறார்கள்? எல்லையை மேலே தூக்குவதல்ல, கீழே கொண்டுவருவதே மந்த காலத்துக்குத் தேவை. வேலைத் திட்டத்தின் முழுக் கூலிச் செலவையும் முன்போல மத்திய சர்க்காரே ஏற்க வேண்டும்.

இதெல்லாம் தனியாகக் கேட்டால் கிடைக்காது. ரைஸ்மில் தொழிலாளி ஒருபுறம், கரும்பு வெட்டுகிறவன் ஒருபுறம், மலையிலிருந்து இறங்கியவன் ஒருபுறம் என்று நின்றால், ஒருவனைக் காட்டி மற்றவன் கூலியைக் குறைப்பார்கள். மூவரும் ஒரு சங்கத்தில் நிற்க வேண்டும். பாக்கிக்காக மறியல் செய்யும் கரும்பு விவசாயியும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்கும் நமக்கும் ஒரே சங்கிலிதான் மாட்டியிருக்கிறது.

சென்ற மாதம் அதே ரைஸ்மில்லில் மறுபடியும் "மந்தம்" என்ற பேச்சு எழுந்தது. இந்தத் தடவை நான் வாய் திறக்குமுன் அந்த அம்மாவே கேட்டார்: "எந்தத் தேதி வரைக்கும்னு எழுதிக் குடுங்க, மொதலாளி. படிச்சுக் காட்ட எங்க சங்கத்துல ஆள் இருக்கு."

முதலாளி எழுதிக் கொடுக்கவில்லை. கூலியும் குறையவில்லை.