நூற்றுக்கு நூறு கேட்கும் நண்பர்

போன மாதம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்த பிறகும் ரயிலுக்கு நேரம் இருந்தது. கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கும் பழைய நண்பரிடம் போய் உட்கார்ந்தேன்.

ஓர் இளைஞன் வந்தான். தலைவலி மாத்திரை வாங்கினான், ஆனால் போகவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் இருமல் மருந்தோடு நகரும்வரை சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில் ஆணுறை கேட்டான். நண்பர் ஏதோ திருட்டுச் சாமானைப் போலக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவன் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இதை நம்பி ஆட்டம் போடுகிறான்கள், சார். இது நூற்றுக்கு நூறு காப்பாற்றுமா? இதைப் போய்ப் படிக்கிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கணுமாம்!"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மிச்ச வாதத்தை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

நூற்றுக்கு நூறு இல்லை என்பது மெய்தான். எவ்வளவு என்றும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளைப் பற்றிய ஆய்வுகளை 2002-ல் தொகுத்துப் பார்த்தார்கள். எப்போதும் உறை அணிந்தவர்களிடையே, ஒருபோதும் அணியாதவர்களைவிடத் தொற்று ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு. உடனே, "நூறு தடவையில் இருபது தடவை வியாதி வரும்" என்று அர்த்தம் பண்ணிவிடக் கூடாது. உறையில்லாமல் நூறு பேருக்குத் தொற்றியிருக்கும் இடத்தில், உறையோடு இருபது பேருக்குத் தொற்றுகிறது என்பதே பொருள். சரியாக அணியத் தெரியாதவர்களும் அந்த இருபதில் அடக்கம்.

வெட்டை நோய்க்கும் உறை நல்ல காவல். தோலோடு தோல் உரசிப் பரவும் சிபிலிஸ், ஹெர்ப்பிஸ், கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. ஆகியவற்றுக்கு அந்தக் காவல் சற்றுக் குறைவு. உறை மூடாத இடத்திலும் அவை குடியிருக்கும். எச்.பி.வி.க்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை வலுவிழந்து கிழியும். காகிதத்தில் சுற்றிய நேரத்தில் நண்பர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு உறையைக் குறை சொல்கிறார்!

"ஒழுக்கமாக இருந்தால் உறை எதற்கு?" என்பார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கெட்டவனுக்குக் கடைசி அத்தியாயத்தில் ஒரு வியாதியைக் கொடுத்துத் தண்டிப்பது எங்கள் தொழிலின் பழைய வித்தை. ஆனால் கிருமி கதை படிப்பதில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தபோது, அது பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இருந்தது. யோக்கியர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2000-ல் அதே சென்னையிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள்! அவர்களிடம் ஒழுக்கத்துக்கு என்ன குறை? அது அவர்களைக் காப்பாற்றியதா?

நிரோத் 1968-ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாகத்தான் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. அதனால் அது பிள்ளையைத் தடுக்கிற சாமான் என்றே நம் மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டு குழந்தை பிறந்ததும் மனைவிக்கு 'ஆபரேஷன்' ஆகிவிடுகிறது. அத்தோடு வேலை முடிந்ததாக வீடு நினைக்கிறது. ஆபரேஷன் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. கணவன் வெளியூரிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு காவலும் இல்லை. உறையைக் கேட்கவும் அவளுக்கு வாயில்லை, கேட்டால், "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்பான்.

குடை பிடித்தாலும் கால் நனையத்தான் செய்கிறது. அதற்காக யாரும் குடையை வீசிவிட்டு மழையில் நடப்பதில்லை.

நண்பரே, அந்தப் பையன் குறைந்தபட்சம் கேட்டு வாங்க வந்தான். அவனுக்கு ஒரு மனைவி இருக்கலாம், அல்லது நாளை வரலாம். அடுத்த முறை வந்தால் காகிதத்தில் சுற்றாமல் கொடுங்கள். எண்ணெயைப் பற்றியும் சொல்லுங்கள்.