உவர் வேறு, களர் வேறு

மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் நிறுத்திய உப்புநீர் வெயிலில் வற்றி உப்பாகப் படிகிறது. அந்த உப்பே வயலில் ஏறினால், மண்ணுக்கு ‘உவர்’ என்ற அடைமொழி வந்துவிடும்.

பழைய சொல் இது. சுவையைச் சுட்டிய ‘உவர்ப்பு’ வெறுப்பையும் சுட்டியது. சலவைத் தொழிலாளருக்கோ உவர்மண் வேண்டிய பொருள். சோப்பு பரவும் முன் துணி வெளுக்க அதுதான் உதவியது. ஆங்கிலத்தின் ‘சலைன்’ என்ற அடைமொழியும் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற இலத்தீன் சொல்லில் பிறந்ததே.

உவருக்குத் துணையாக வருவது ‘களர்’. கல்லாதவரை விளையாத களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். பேச்சிலும் எழுத்திலும் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். வேளாண் அறிவியல் அவற்றைப் பிரிக்கிறது. உவர் மண்ணில் நீரில் கரையும் உப்புகள் மிகுதி. நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பும் கூடவே வெளியேறும். களர் மண்ணில் சோடியம் மண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். அங்கே முதலில் ஜிப்சம் இட வேண்டும். வெறும் தண்ணீரைத் தேக்கினால் மண் இன்னும் இறுகிப்போகும்.

பெயரைக் குழப்பினால் மருந்தும் மாறிவிடும். நட்டம் உழவருக்கு.

2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் இரண்டும் பதிவாகின்றன. வேளாண் அலுவலர்களும் பத்திரிகைகளும் ‘களர் உவர்’ என்று சேர்த்துச் சொல்லாமல், எந்த நிலம் எது என்று பிரித்தே சொல்ல வேண்டும்.